கைத்திறனிலிருந்து ஆய்வேட்டுக்கு: திருவனந்தபுரத்தில் கலை, வடிவமைப்பு ஆய்வுமுறைகள் வளர்ந்த வரலாறு

முன்னுரை

கவின்கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற துறைகளில் முதுகலைப் படிப்புக்கு வரும் மாணவர் தொடக்கத்திலேயே ஆராய்ச்சி நெறிமுறைகள் என்ற தாளைப் படிக்க வேண்டியிருக்கிறது. கருதுகோள், மாதிரித் தேர்வு, வினாநிரல், புள்ளியியல் சோதனை என்று பாடம் நகர்கிறது. இவற்றில் பெரும்பகுதி சமூக அறிவியலில் பிறந்து வளர்ந்தவை. களிமண்ணும் தூரிகையும் வரைபலகையும் கையுமாகப் பழகியவருக்குத் தன் வேலை இதில் எங்கே பொருந்துகிறது என்பது விளங்குவதில்லை. ஆய்வேடு எழுதும் கட்டம் வந்ததும், செய்த படைப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, அதனோடு ஒட்டாத ஒரு கருத்துக்கணிப்பை நடத்தி ஒப்பேற்றிவிடுகிறார். கல்விக்கும் படைப்புக்கும் இது ஒருசேர இழப்பு.

படைப்புத் துறைகளுக்குரிய ஆய்வுமுறை அண்மையில் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்ற எண்ணமே இந்த இழப்புக்கு வேர். திருவனந்தபுரத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது. கோட்டைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடைப்பட்ட இந்நகரில், சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில், பார்த்துப் பதிதல், ஒப்பிட்டு முடிவுகாணல், அளந்து எழுதுதல், செய்து சோதித்தல் என்னும் நான்கு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருப்பெற்றன. கைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இருந்த அறிவை மற்றவர் சரிபார்க்கும்படி வெளியே வைத்ததே இந்நான்குக்கும் பொதுவான செயல். தேர்ச்சி ஆய்வாக மாறுவது அந்த இடத்தில்தான் என்பது இக்கட்டுரையின் முடிபு.

1. களம்: கோட்டையும் கடைத்தெருவும்

சாலைக் கடைத்தெரு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசின் முயற்சியால் உருவானது. கிழக்கே கிள்ளியாறு, கரமனையாறு ஆகியவற்றைக் கடந்து வரும் பாதை, நாஞ்சில் நாட்டின் நெல்லையும் திருநெல்வேலிச் சீமையின் சரக்குகளையும் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பொருளோடு ஆட்களும் வந்தார்கள். வணிகர், பாத்திரக் கடைக்காரர், பூக்காரர், கணக்கெழுதுவோர் என்று தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிலைத்தன. கொத்துவால் தெருவிலும் சபாபதி கோவில் தெருவிலும் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்து ஒலிக்கின்றன.

கடைத்தெருவின் மேற்கே கோட்டை, அதனுள் பத்மநாபசுவாமி கோவிலும் அரண்மனைகளும். கோவிலும் அரசும் கலைஞரை வரவழைத்தன. கடைத்தெரு அவருக்கு வேண்டிய உலோகமும் துணியும் மரமும் வண்ணமும் தந்தது. அரசு 1881இல் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னாளில் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்குச் சற்று முன்பு, 1880இல், நேப்பியர் அருங்காட்சியகம் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் சென்னை மாகாண அரசின் கட்டடக் கலைஞர்; அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பையும் வகித்தவர். கேரள வீடுகளின் செங்குத்தான கூரையும் முகப்பு மரவேலையும் அந்தக் கட்டடத்தில் இடம்பெற்றதற்குக் காரணம், உள்ளூர்க் கட்டுமானத்தை அவர் உற்றுப் பார்த்ததே. எனினும் பார்த்தவை கட்டடத்தில் நின்றனவே ஒழிய, பிறர் பின்பற்றிப் பயிலத்தக்க முறையாக வளரவில்லை.

2. பார்த்துப் பதிதல்: ரவிவர்மாவும் தம்பியின் நாட்குறிப்பும்

கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, பதினான்காம் வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரம் வந்தார். அப்போது அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் இளைஞருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சில நுட்பங்களைச் சொல்லித்தந்தார் என்றும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1868இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் சொல்லவில்லை. தாம் வரையும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார்.

இந்தச் செய்திகளை ஒரு மேதையின் விடாமுயற்சிக்குச் சான்றாகவே நாம் சொல்லிவந்திருக்கிறோம். ஆய்வுமுறை நோக்கில் இவற்றின் பொருள் இன்னும் பெரிது. வண்ணத்தை எண்ணெயில் குழைக்கும் விகிதமும் அடுக்கின்மேல் அடுக்காகப் பூசும் வரிசையும் அன்று ஒருவரது சொத்து. அதை வெளியே விட்டால் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. அத்தகைய சூழலில் அறிவு ஆளோடு வாழ்ந்து ஆளோடு மறையும்.

மாற்றம் அடுத்த தலைமுறைக்குக் காத்திராமல் ரவிவர்மாவின் குடும்பத்திலேயே நிகழ்ந்தது. பரோடா மன்னர் கேட்ட புராண ஓவியங்களுக்காக ரவிவர்மாவும் தம்பி சி. ராஜராஜவர்மாவும் வடநாடு சென்று உடைகளையும் அணிகளையும் நேரில் பார்த்தனர். புராணப் பெண்களுக்கு எந்த உடை பொருந்தும் என்ற படைப்புச் சிக்கலுக்குக் கள ஆய்வின் மூலம் விடை தேடிய பயணம் அது. தாமும் ஓவியரான ராஜராஜவர்மா, 1895 முதல் 1904 வரையிலான காலத்துக்கு நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். யார் உருவப்படத்துக்கு அமர்ந்தார்கள், எந்த ஓவியம் எவ்வளவு நகர்ந்தது, எந்தக் காட்சியைத் தேடி எங்கே போனார்கள் என்பவை அதில் உண்டு. எர்வின் நியூமாயரும் கிறிஸ்டின் ஷெல்பெர்கரும் பதிப்பித்த பின் அந்த நாட்குறிப்பு ஆய்வாளர் கைக்கு வந்தது. ஓர் ஓவியக்கூடத்தில் இருவர் வேலையை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பதை இன்று நாம் பேச முடிகிறதென்றால், அது அந்தக் குறிப்புகளின் கொடை. படைப்பாளி தன் செயல்முறையைத் தேதியிட்டு எழுதிவைத்தல் என்று இன்றைய முதுகலைத் துறைகள் கேட்பது இதைத்தான்.

3. ஒப்பிட்டு முடிவுகாணல்: கல்லும் ஓலையும்

இதே காலத்தில் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897). 1891இல் மனோன்மணீயம் என்ற கவிதை நாடகத்தை வெளியிட்டவர். வேணாட்டு அரசர்களின் காலவரிசையைக் கல்வெட்டுகளைக் கொண்டு நிறுவ முயன்றவரும் அவரே. திருஞானசம்பந்தரின் காலத்தை அவர் ஆராய்ந்தபோதும், வழிவழி வந்த கதைகளை மட்டும் நம்பாமல், ஒரு நூல் இன்னொரு நூலைக் குறிப்பிடும் இடங்களையும் வரலாற்றுச் சான்றுகளையும் அடுக்கி வாதிட்டார். படைப்பும் ஆய்வும் ஒரே ஆளிடம், ஒன்றையொன்று தடுக்காமல் வாழ்ந்ததற்கு அவரே முன்மாதிரி.

ஒப்பாய்வு முழு வடிவம் பெற்றது தருவை த. கணபதி சாஸ்திரி (1860–1926) கையில். திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து திருவிதாங்கூர் வந்த அவர், 1905இல் தொடங்கிய திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையின் பதிப்பாசிரியர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டு அவருக்குக் கிடைத்தது. மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்த அந்த ஏடுகளில் நாடகங்கள் இருந்தன. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. மேலும் தேடிச் சேர்த்து, அவை பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த பழைய வடமொழி நாடகாசிரியர் பாசனுடையவை என்று 1912 முதல் வெளியிட்டார்.

அவர் அந்த முடிவுக்கு வந்த வழி, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் பயில வேண்டியது. முதலில் நாடகங்களின் அமைப்பைப் பார்த்தார். பிற வடமொழி நாடகங்களில் நாந்தி என்னும் வாழ்த்துச் செய்யுள் முன்னே வரும். இவற்றில் நாடகத்தை நடத்தும் சூத்திரதாரன் நுழைந்த பிறகே செய்யுள் வருகிறது. முன்னுரைப் பகுதிக்கு வழக்கமான பிரஸ்தாவனை என்ற பெயர் இல்லாமல் ஸ்தாபனை என்ற பெயர் இருக்கிறது. ஏடுகளுக்கு வெளியே என்ன சான்று உண்டு என்பது அடுத்த கேள்வி. பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் பாசனின் நாடகங்களைச் சூத்திரதாரன் தொடங்கிவைப்பவை என்று சிறப்பிக்கிறார். ஸ்வப்னவாசவதத்தம் பாசனுடையது என்று பழைய கவிஞர் குறிப்பு சொல்கிறது. உள்சான்றையும் வெளிச்சான்றையும் சேர்த்தபோது முடிவு பிறந்தது.

எதிர்ப்பு உடனே எழவில்லை. எழுந்தபோது வலுவாகவே எழுந்தது. கேரளத்தில் கிடைத்த வேறு நாடக ஏடுகளிலும் இதே தொடக்க முறை காணப்படுகிறதே என்றனர் மறுத்தவர்கள். சாஸ்திரியாரே 1917இல் பதிப்பித்த, காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆசிரியர் பெயர் அதில் இருக்கிறது, தொடக்க முறையோ பாச நாடகங்களை ஒத்தது. கேரளத்தின் வடமொழி நாடக மரபான கூடியாட்டத்தை ஆடிய சாக்கியார்கள் மேடைக்கேற்ப நாடகங்களைச் சுருக்கியும் திருத்தியும் வைத்திருந்ததால், ஏட்டில் இருப்பது கவிஞரின் அமைப்பா மேடையின் அமைப்பா என்ற கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. முடிவில் கருத்து வேறுபடலாம். ஆனால் அவர் ஆதாரங்களை வரிசையாக அச்சில் வைத்ததால்தான் மறுப்பவர்களும் அதே ஆதாரங்களை எடுத்து மறுக்க முடிந்தது. நல்ல ஆய்வின் அளவுகோல் அதுவே. நிகழ்த்துகலை மாணவருக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு: ஏட்டை மேடையிலிருந்து பிரித்துப் படித்தால் பாதிதான் தெரியும்.

அதே வரிசையில் வாஸ்துவித்யா, மனுஷ்யாலய சந்திரிகை, மயமதம், சில்பரத்னம் ஆகிய கட்டட, சிற்ப நூல்கள் 1913 முதல் 1922க்குள் அச்சேறின. தச்சர் குடும்பங்களிலும் மடங்களிலும் ஏட்டில் கிடந்தவை எவரும் எடுத்துப் படிக்கும் நூல்களாயின. அந்தச் சுவடி மரபின் வாரிசு, இன்று காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கீழ்த்திசைச் சுவடி நூலகம்.

4. அளந்து எழுதுதல்: கோபிநாதராவின் தாளமானம்

நூல்கள் அச்சில் வந்தபின் அவற்றைப் பொருளோடு வைத்துப் பார்க்கும் வேலை மிச்சமிருந்தது. திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளரான து. அ. கோபிநாதராவ் அதை ஏற்றார். கல்வெட்டுகளுக்காகத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையைப் பதிப்பித்த அவர், 1914–1916இல் இந்துச் சிற்பவியலின் அடிப்படைகளைத் தொகுத்த பெருநூலை வெளியிட்டார். கோவில்களில் இருக்கும் படிமங்களின் புகைப்படமும் ஆகமங்களின் இலக்கணமும் அதில் பக்கத்தில் பக்கம் வைக்கப்பட்டன. ஆகமங்களில் சொல்லப்படும் படிம அளவுகளை விளக்கப் படங்களுடன் தொகுத்த தாளமானம் பற்றிய அவரது ஆய்வு, அவர் 1919இல் மறைந்தபின் இந்தியத் தொல்லியல் துறையால் 1920இல் வெளியிடப்பட்டது.

தாளமானத்தின் நுட்பம் வடிவமைப்பு மாணவரை இன்றும் கவரும். தசதாளம் என்னும் அளவுமுறையின் உயர்ந்த வகையான உத்தம தசதாளத்தில் படிமத்தின் மொத்த உயரத்தை 124 சம பங்குகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு ஒரு தேகாங்குலம். முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாமே அந்த அலகில் சொல்லப்படுகின்றன. படிமம் சாண் அளவு இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் உறுப்புகளின் விகிதம் மாறாது. அலகு படிமத்துக்குள்ளேயே பிறக்கிறது. மத்திம தசதாளத்துக்கு 120, அதம தசதாளத்துக்கு 116.

ஸ்தபதி கயிற்றையும் அளவுகோலையும் கொண்டு செய்த இந்த வேலை, அட்டவணையாகவும் படமாகவும் வந்தபின் எந்த மாணவரும் ஒரு படிமத்தின் முன் நின்று சோதிக்கத்தக்கதாயிற்று. நூல் சொல்லும் விகிதம் கல்லில் இருக்கிறதா, இல்லையென்றால் சிற்பி எங்கே, ஏன் விலகினார் என்று கேட்கலாம். அந்த விலகலே பெரும்பாலும் நல்ல ஆய்வுக் கேள்வி.

5. செய்து சோதித்தல்: பேக்கரின் செங்கல்

பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த லாரி பேக்கர், இந்தியாவின் பல பகுதிகளில் பணியாற்றியபின் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டு 2007இல் இங்கேயே மறைந்தார். நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும், சாலைக் கடைத்தெருவுக்கு எட்டும் தூரத்தில் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிச் சுருளாக உயரும் இந்தியன் காபி ஹவுசும் அவர் கைவண்ணம்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது அது. சுவரின் இரு முகத்திலும் மூன்று மூன்று அங்குலக் கல், நடுவே மூன்று அங்குல வெற்றிடம். சுவர் அதே ஒன்பது அங்குலக் கனம். கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. மேசையில் வரைந்து முடித்துவிடாமல், வீடுவீடாகக் கட்டி, கொத்தனாரோடு நின்று, குறை கண்ட இடத்தில் திருத்தி அவர் இதை உறுதிப்படுத்தினார். பிறகு தம் கையாலேயே படம் வரைந்து, எளிய சொற்களில் சிறு புத்தகங்களாக வெளியிட்டார். கட்டியதோடு நின்றிருந்தால் அவர் நல்ல கட்டடக் கலைஞர். எப்படிக் கட்டுவது, எவ்வளவு மிச்சம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று எழுதியதால் அவரது வேலை ஆய்வாயிற்று.

சி. அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோருடன் பேக்கர் சேர்ந்து 1985இல் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இந்த முறையை எடுத்துச்சென்றது. சாலையை அடுத்த கரிமடம் குடியிருப்பில் அந்த அமைப்பு கட்டிய அடுக்கு வீடுகள், செலவு குறைந்த கட்டுமுறை ஏழை மக்களின் குடியிருப்புக்கு எப்படிப் பொருந்துகிறது என்று முதுகலை மாணவர் நேரில் சென்று ஆராயக்கூடிய களம்.

6. எழுத்தாளரின் கடைத்தெரு

சாலையில் பாத்திரக் கடை நடத்தியபடியே எழுதிய ஆ. மாதவனை (1934–2021) விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 2015இல் இலக்கியச் சுவடுகள் நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், தம் கதைகளில் சுமைதூக்குவோரையும் சில்லறை வியாபாரிகளையும் தெருவில் ஒதுங்கி வாழ்வோரையும் அவர்கள் பேச்சோடு கொண்டுவந்தார். புனலும் மணலும் நாவலில் ஆற்றுமணல் அள்ளுவோரின் வாழ்க்கை வருகிறது. நீல. பத்மநாபனின் பள்ளிகொண்டபுரம் (1970) இந்த நகரத்தையே நாவலின் உடலாக்கியது. பல ஆண்டு ஒரே இடத்தில் இருந்து கவனித்ததன் விளைவுகள் இவை.

நாவலாசிரியர் எப்படிக் கவனித்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. படைப்பெழுத்தில் ஆய்வுப் பட்டம் பெற வருபவருக்கோ அந்தக் கடமை உண்டு. எதைக் கேட்டார், எதை விட்டார், எந்த வரைவில் எந்தக் குரல் மாறியது, ஏன் மாறியது என்று படைப்போடு சேர்த்து விளக்கவுரை எழுத வேண்டும். படைப்புக்கும் படைப்புவழி ஆய்வுக்கும் உள்ள எல்லை இதுதான்.

7. பல்கலைக்கழகம் வகுத்த பெயர்கள்

உலக அரங்கில் இந்த முறைகளுக்குப் பெயரும் ஒழுங்கும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்தன. 1962இல் லண்டனில் நடந்த வடிவமைப்பு முறைகள் மாநாடு ஒரு தொடக்கம். நைஜல் கிராஸ் 1982இல் வடிவமைப்பாளருக்கே உரிய அறியும் முறை உண்டு என்று வாதிட்டார். டொனால்டு ஷோன் 1983இல், தொழில் தெரிந்தவர் வேலையின் நடுவே எப்படிச் சிந்திக்கிறார் என்பதை ஆராய்ந்தார். பிரிட்டனில் 1992இல் பல தொழிற்கல்லூரிகள் பல்கலைக்கழகங்களானபோது, கலைப்பள்ளி ஆசிரியரும் ஆய்வு செய்து காட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சூழலில் 1993இல் கிறிஸ்டோபர் ஃபிரேலிங், ஹெர்பர்ட் ரீடின் பகுப்பைத் தழுவி, கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். கரோல் கிரேயும் ஜூலியன் மாலின்சும் 2004இல் கலை, வடிவமைப்பு முதுகலை ஆய்வாளருக்கென்றே கையேடு எழுதினார்கள்.

இந்தியாவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அரசுக்கு அளித்த அறிக்கை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (1961) வித்திட்டது. மும்பை ஐஐடியில் தொழில் வடிவமைப்பு மையம் 1969இல் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமரேஷ் சக்ரவர்த்தி, லூசியன் பிளெசிங்குடன் 2009இல் எழுதிய நூல், சிக்கலைத் தெளிதல், உள்ளதை விவரித்தல், தீர்வைச் செய்தல், தீர்வை மதிப்பிடல் என்று நான்கு கட்டங்களை வகுத்தது. அதே 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஆய்வுப் பட்டத்துக்கு முன் ஆராய்ச்சி நெறிமுறைகளில் வகுப்புப் பாடத்தைக் கட்டாயமாக்கின. விதி வந்தது நல்லதே. அதற்கு ஏற்ற பாடத்தைப் படைப்புத் துறைகள் தாமே உருவாக்காமல், பொதுவாகக் கிடைத்த பாடத்தை எடுத்துக்கொண்ட இடங்களில்தான் முன்னுரையில் சொன்ன சிக்கல் பிறந்தது.

8. சாலைக் கடையில் ஒரு செம்பு

ஈம்ஸ் அறிக்கை இந்தியப் பொருள்களிலேயே மிகச் சிறந்ததாகப் போற்றியது செம்பை. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், கை எப்படிப் பிடிக்கும், என்ன விலை என்று அது கேள்விகளை அடுக்கியது. சாலையின் பாத்திரக் கடைகளில் செம்பு இன்றும் கிடைக்கிறது. முதுகலை வகுப்பு முழுப் பருவமும் அதைக்கொண்டே நடக்கலாம்.

முதல் கட்டத்தில் மாணவர் கடையில் நின்று பார்க்கட்டும். வாங்குபவர் செம்பைக் கையில் எடுத்து எடை பார்க்கிறார், சுண்டி ஒலி கேட்கிறார், கழுத்துக்குள் விரல் விட்டுப் பார்க்கிறார். பித்தளைக்கு விலை எடையில் போகிறது. பழையதைப் போட்டுப் புதியது எடுப்போரும் உண்டு. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கேட்கிறார்கள். இவை தேதியோடு குறிப்பேட்டில் ஏற வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பித்தளைச் செம்பு, எவர்சில்வர் செம்பு, மூக்கு வைத்த கிண்டி ஆகியவற்றை ஒப்பிட்டு, வடிவம் எங்கே பயனால் மாறியது, எங்கே உலோகத்தால் மாறியது, எங்கே சடங்கால் மாறியது என்று பிரிக்கட்டும். மூன்றாம் கட்டத்தில் வாய், கழுத்து, வயிறு, அடி ஆகியவற்றை அளந்து, மொத்த உயரத்தின் பங்காக எழுதட்டும்; தாளமானம் சொல்லித்தந்த வழி அது. அளவு வேறுபட்ட செம்புகளிடையே மாறாத விகிதம் உண்டா என்பது அட்டவணையில் தெரிந்துவிடும். நான்காம் கட்டத்தில் கழுத்தை மட்டும் மாற்றி மாதிரிகள் செய்து, பயன்படுத்துவோரிடம் கொடுத்து, ஊற்றும்போதும் தூக்கும்போதும் என்ன ஆகிறது என்று பதிவு செய்யட்டும். உடைந்த மாதிரியையும் தள்ளிவிடாமல் காரணத்தோடு ஆய்வேட்டில் சேர்க்கட்டும்.

கடைக்காரரும் பட்டறைக்காரரும் இதில் தகவல் தருபவர்கள் மட்டுமல்லர், அறிவின் உரிமையாளர்கள். அவர்கள் ஒப்புதலோடு எழுதுவதும், முடிவை அவர்களிடம் படித்துக் காட்டுவதும், தொழில் இரகசியம் என்று அவர்கள் சொல்வதை வெளியிடாமல் விடுவதும் ஆய்வறத்தின் பகுதி. ராமசாமி நாயக்கர் காலத்து அச்சத்துக்கு இன்று நாம் தரும் மதிப்பான விடை அது.

முடிவுரை

திருவனந்தபுரத்தின் வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. ஒன்று, படைப்புத் துறை ஆய்வுமுறைக்கு நம் மண்ணிலேயே வலுவான முன்னோடிகள் உண்டு. ஃபிரேலிங்கையும் ஷோனையும் படிக்கும் மாணவர் கணபதி சாஸ்திரியையும் கோபிநாதராவையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டு, எந்த முறை என்பதை ஆராயும் பொருள்தான் முடிவு செய்கிறது. ஏட்டுக்கு ஒப்பீடு, படிமத்துக்கு அளவு, சுவருக்குச் சோதனை. மூன்று, முறை எதுவானாலும் ஆதாரத்தையும் வழியையும் பிறர் சரிபார்க்கும்படி வைப்பது தவிர்க்க முடியாத கடமை.

எனவே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள கவின்கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு முதுகலைத் துறைகள் ஆராய்ச்சி நெறிமுறைத் தாளை இந்நான்கு முறைகளைச் சுற்றித் திருத்தி அமைக்க வேண்டும். தேதியிட்ட செயல்முறைக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தரலாம். முதல் பருவத்தில் ஒரு பொருளையாவது அளந்து அட்டவணையாக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். இப்பாடங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால், பட்டறையில் பிறந்த பிள்ளைகள் தம் வீட்டு அறிவைத் தாமே ஆய்வாக்கும் நிலை வரும். அந்த ஆய்வுகளை அவர்களைவிட நன்றாக வேறு யாரும் எழுதிவிட முடியாது.